ஊர்ப் பிள்ளைங்க காதுலே எங்க பணம்

புளி உடைச்சுக்கொண்டிருக்கேன். ஓட்டைத் தட்டிப் போட்டாச்சு. இப்ப நாரை உருவி, கொட்டையை எடுக்கிற வேலை. மூட்டை யாவாரியோடது, கை என்னோடது. கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. நடுநடுவே கையைப் புடவையிலே துடைச்சிட்டு இதை எழுதுறேன். தாள் அங்கங்கே ஒட்டியிருந்தா அது புளி. வேற எதுவும் நினைச்சுக்க வேண்டாம்.

எங்க வீட்டுக்காரர் ஏமாந்த கதையைத்தான் சொல்லப்போறேன். படிக்கிறவங்க சிரிக்கலாம். சில இடத்துலே நானும் சிரிச்சிருக்கேன். அவர் எதிரிலே சிரிக்கலை, அவ்வளவுதான்.

புருஷன் பேரைச் சொல்றது எங்க பக்கத்துலே வழக்கமில்லை. எழுதுறதைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லிவைக்கலை. அதனாலே எழுதிடுறேன். தசரதன். எங்க மலை ஊரு புதூர்நாட்டிலேருந்து கீழே திருப்பத்தூருக்கு ஜீப் ஓட்டுறார். ஜீப்பிலே இன்னும் எத்தனை பேர் ஏறலாம்னு கேட்டா, "ரெண்டு பேர் ஏறலாம்"னு சொல்வார். ஜீப் காலியா இருந்தாலும் அதே பதில், மேலே கூரையிலே ஆள் உட்கார்ந்திருந்தாலும் அதே பதில். ஜனங்க விஷயத்துலே அவ்வளவு தாராளம். எங்க வீட்டிலே மட்டும் இன்னொரு ஆள் ஏறக்கூடாதுன்னுட்டார்.

கல்யாணமான புதுசு. தாலிக் கயித்துலே மஞ்சள் கூட வெளுக்கலை. என்னைப் பக்கத்துலே உட்கார வெச்சு போனைக் காட்டினார். அதுலே டை கட்டின ஒருத்தர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். முதல்லே கடனைக் கட்டுங்க, அப்புறம் குடும்பத்தைக் கட்டுங்கன்னார். அந்த டைக்காரருக்கு எத்தனை பிள்ளைங்கன்னு எனக்குக் கேட்கணும்போல இருந்துச்சு. போனுக்குள்ளே இருக்கிறவரை எப்படிக் கேட்கிறது?

"ஜீப்புக்கு டியூ முடியிற வரைக்கும் நமக்குக் கொழந்த வேணாம் அமுதா. இன்னா சொல்ற?"ன்னு கேட்டார்.

எனக்கு ஒரு பழக்கம். யாராவது எதையாவது கேட்டா, வாய் திறக்கிறதுக்கு முன்னாடி தலை ஆடிடும். ஆடிடுச்சு. அவர் "குட்"னார்.

அப்புறம் கணக்குப் போட்டுக் காட்டினார். சோப்பு, பவுடர், பாலு, ஜட்டி. அங்கன்வாடியிலே சத்துமாவு சும்மா குடுப்பாங்க, அதைக் கழிச்சார். சளி பிடிக்கிறதுக்குன்னு ஒரு தொகை போட்டார். சளி பிடிக்கலைன்னா அது லாபம்னார். பிறக்காத பிள்ளைக்கு மூக்கைத் துடைச்சு விட்ட ஒரே ஆள் எங்க வீட்டுக்காரர்தான்.

கடைசியிலே, இது அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொன்னார். அதுக்கும் தலையாட்டினேன். முதல் தலையாட்டலைவிட இந்த ரெண்டாவதுதான் எனக்கு ரொம்ப செலவு வெச்சது.

அன்னியிலேருந்து அவர் ஜீப்பிலே படுத்தார். டீசல் திருடுறாங்கன்னு காரணம் சொன்னார். எங்க மாமியார் மாணிக்கம்மாள் ரெண்டு நாள் பார்த்தாங்க. மார்கழிப் பனி. புது மாப்பிள்ளை தார்ப்பாய்க்குள்ளே நடுங்குறான். அவங்க போர்வையை எடுத்துத் தோள்லே போட்டுக்கொண்டு நேரா ஜீப்புக்குப் போய் ஏறிட்டாங்க. டீசலை நான் பார்த்துக்கறேன், நீ உள்ளே போய்ப் படுடான்னுட்டாங்க. எந்தத் திருடன் அவங்களைத் தாண்டி டீசல் எடுப்பான்?

வேற வழியில்லாம உள்ளே வந்தவர், எங்க ரெண்டு பேருக்கும் நடுவுலே புளி மூட்டையை அடுக்கினார். மழையிலே நனைஞ்சிடும்னார். மார்கழியிலே எங்க மழை? புளி போனதும் சாமை மூட்டை வந்துச்சு. சாமை வித்ததும் பலாப்பழத்தை அடுக்கினார். அந்த வாசனையிலே ரெண்டு பேருக்கும் தூக்கமில்லை. முள் மட்டும் அவர் பக்கமா குத்தினதுலே எனக்கு ஒரு சந்தோஷம்.

சிரிப்பு அதுவரைக்கும்தான்.

மலையிலே கல்யாணமான பொண்ணைப் பார்த்தா, சாப்பிட்டியான்னு கேட்க மாட்டாங்க. "இன்னா, எதுனா விசேசமா?"ன்னுதான் கேட்பாங்க. பைப்படியிலே கேட்டாங்க, ரேஷன் கடையிலே கேட்டாங்க. அவர் ஜீப்பிலே ஏறின பொம்பளைங்க அவரையே கேட்டாங்க. அவர் கியரை மாத்திக்கொண்டே, "ஆண்டவன் குடுக்கணும்"னு சொல்லியிருக்கார். பழியைத் தூக்கி ஆண்டவன் மேலே போட்டார். ஆண்டவன் திருப்பிப் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். அதனாலே இறங்கி இறங்கி அது என் தலையிலே வந்து உட்கார்ந்துச்சு.

மாமியார் செவ்வாய்க்கிழமையானா கசாயம் வைப்பாங்க. காட்டுலேருந்து ஏதோ பட்டை கொண்டுவந்து இடிச்சு, வெறும் வயித்துலே குடுப்பாங்க. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே நிப்பாங்க. கசப்பு காது வரைக்கும் ஏறும். எனக்காக வெத்தலை போடுறதையும் விட்டுட்டாங்க. வெத்தலைப் பை இல்லாம அவங்களை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை. கோயிலுக்கு ஆடு நேர்ந்துக்கொண்டாங்க. அடிவாரத்துலே ஒருத்தர் தாயத்துக் கட்டுறார்னு, மகளிர் குழுவிலே கடன் எடுத்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாங்க.

பிள்ளை வேணாம்னு கடன் கட்டுறவர் ஒரு பக்கம். பிள்ளை வேணும்னு கடன் வாங்குறவங்க ஒரு பக்கம். நடுவுலே நான் ரெண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

எங்க தெருவுலே ஒரு வீட்டிலே பிள்ளையைத் தொட்டிலிலே போடுற விசேஷம். பிள்ளை விடாம அழுதுச்சு. எல்லாரும் கை வேலையா இருந்தாங்கன்னு நான் எடுத்துத் தோள்லே போட்டேன். உடனே நின்னுடுச்சு. என் கழுத்துலே மூக்கை வெச்சுத் தேய்ச்சுச்சு. பிள்ளையோட பெரியம்மா வந்து மெதுவா வாங்கிக்கொண்டாங்க. திட்டலை, முகத்தைக் கூட சுளிக்கலை. "நீ போய் சாம்பாரைக் கிளறும்மா, அடி புடிக்கப் போவுது"ன்னாங்க. போய்க் கிளறினேன். சாம்பார்லே உப்பு கூடிப்போச்சுன்னு பந்தியிலே பேச்சு. நான் உப்பே போடலை.

இவ்வளவு செஞ்சும் ஜீப் கடன் குறைஞ்சுதான்னா, இல்லை. டயர் மாத்தணும், பேட்டரி மாத்தணும். அதைவிட மேலே ஒண்ணு இருந்துச்சு. மொய். ஜீப் ஓட்டுறவரை மலையிலே எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சவங்க எல்லாரும் பத்திரிகை வைப்பாங்க. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை. வெச்சா போகணும், போனா மொய் எழுதணும். எழுதிட்டு, பிரியாணி சாப்பிட்டுட்டு வருவார். பிரியாணி செரிச்சுடும்.

இதுக்கு ஒரு யோசனை எனக்குப் புளி உடைக்கிறப்பதான் வந்தது. கையிலே வேலை இருந்தா எனக்கு மூளை நடக்கும். வந்த யோசனையை உடனே சொல்லிடலை. ரொம்ப நாள் வெச்சிருந்தேன். எப்படிச் சொன்னா தலையாட்டாம சொல்ற மாதிரி இருக்கும்னு பழகிப் பார்த்தேன்.

ஒரு நாள் அவர் சோத்துக்கு உட்கார்ந்துக்கொண்டு புலம்பினார். அடுத்த தெரு கண்ணாயிரம் பத்திரிகை வெச்சிட்டுப் போயிருந்தார்.

"கண்ணாயிரத்துக்கு இது நாலாவது காதுகுத்து. நாலுக்கும் நான் மொய் வெக்கணும்னு எழுதி வெச்சிருக்கா?"

"அவங்க நமக்கு எப்பங்க திருப்பி வெப்பாங்க?"

"நம்ம வூட்ல விசேசம் வந்தா வெப்பாங்க."

"நம்ம வூட்ல இன்னா விசேசம்ங்க வரும்?"

அவர் கை தட்டிலேயே நின்னுடுச்சு. வாய்க்குள்ளே இருந்ததை மெல்லலை. கண்ணு மட்டும் மேலே கூரையைப் பார்த்துச்சு. ஊர்ப் பிள்ளைங்க ஒவ்வொண்ணா அவர் கண்ணு முன்னாடி வரிசையா வந்து நின்னிருக்கும். எல்லா காதுலேயும் எங்க பணம் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். காதுகுத்துக்கு வெச்ச மொய் திரும்பி வரணும்னா நம்ம வீட்டிலே ஒரு காது வேணும். இவ்வளவு கணக்குப் போட்டவர் அதை மட்டும் போடலை.

உடனே ஒத்துக்கலை. ஆம்பளை இல்லையா? வேற விசேஷம் ஏதாவது கிடைக்குமான்னு தேடினார். புதுமனை விழா வெக்கலாமான்னு அம்மாவைக் கேட்டார். உங்கப்பன் கட்டி நீ புரண்டு வளர்ந்த வூட்டுக்கு இப்ப இன்னாடா புதுமனைன்னு கேட்டாங்க. ஜீப்புக்குப் புது தார்ப்பாய் போட்டு அதுக்கு ஒரு விழா வெச்சா ஜனங்க வருவாங்களான்னு இழுத்தார்.

மாமியார் முறத்தைக் கீழே வெச்சிட்டு அவரை மேலேயும் கீழேயும் பார்த்தாங்க.

"ஜீப்புக்குக் காது எங்கடா கீது, குத்த?"

அன்னிக்கு சாயந்திரம் அவரே மூட்டைங்களை ஒவ்வொண்ணாத் தூக்கி வாசல்லே போட்டார். ஏன்னு நான் கேட்கலை. கேட்காமலே, "எலி வருது"ன்னார்.

கொழந்தையும் ஒரு முதலீடுதான் அமுதான்னும் சொன்னார். அது டைக்காரர் சொல்லாத வார்த்தை, இவரே கண்டுபிடிச்சது. நான் ஜெயிச்சுட்டேன்னு சொல்லணும். சந்தோஷப்பட்டு உட்கார்ந்தா சந்தோஷம் முழுசா வரலை. என் முகத்தைப் பார்த்து, உனக்கு வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டு அவர் அந்த மூட்டையைத் தூக்கியிருக்கலாம். மொய்க்காகத் தூக்கினார்.

அப்புறம்தான் எங்க ரெண்டு பேரையும் ஒருத்தர் ஏமாத்தினார். அது ஆண்டவன்.

வேணாம்னு இருந்தப்ப வரலை, சரி. வேணும்னு இருந்தப்பவும் வரலை. மாசத்துக்கு மாசம் பார்த்தேன். ஒரு புளிக்காலம் போய் அடுத்த புளிக்காலம் வந்துடுச்சு. முன்னெல்லாம் கசாயம் குடிக்கிறப்ப உள்ளுக்குள்ளே ஒரு தைரியம் இருக்கும். எனக்கு ஒண்ணுமில்லை, இது அவர் போட்ட கணக்கு, அவ்வளவுதான்னு. அந்தத் தைரியம் போச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை மாமியார் மறந்துட்டாங்க. நானே அடுப்படியிலே போய் நின்னு, "அத்தே, கசாயம் வெக்கலியா?"ன்னு கேட்டேன். அவங்க என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியலை.

அவர் டைக்காரரைப் பார்க்கிறதை விட்டுட்டார். திருப்பத்தூர்லே டாக்டரம்மாகிட்டே கூட்டிக்கொண்டு போனார். பொம்பளைங்க வரிசையிலே ஒரே ஆம்பளையா, என் செருப்பையும் தண்ணி பாட்டிலையும் கையிலே வெச்சுக்கொண்டு நின்னார். டாக்டரம்மா ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லை, பொறுங்கன்னு சொல்லி அனுப்பிச்சாங்க. திரும்பி வர்றப்ப ஜீப்பிலே நாங்க ரெண்டு பேர் மட்டும். மலை வளைவு ஒண்ணுலே வண்டியை ஓரமா நிறுத்தினார். இறங்கிப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்னார். ரொம்ப நேரம் கழிச்சு, அந்தப் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"நான்தான் கெடுத்துட்டனா?"

அன்னிக்குத்தான் என் தலை ஆடலை. அப்படியும் ஆடலை, இப்படியும் ஆடலை.

கடைசியிலே பாப்பா வந்தது. அது எப்படின்னு நான் சொல்ல வேண்டியதில்லை. வயித்துலே பிள்ளை இருக்குன்னு தெரிஞ்ச நாளிலேருந்து, நான் ஏறினா அவர் ஜீப்பை நகர்த்தவே மாட்டார். பள்ளத்தைக் கண்டா இறங்கிப் போய்ப் பார்த்துட்டு வந்து ஓட்டுவார். பின்னாலே வந்த பஸ் எங்களைத் தாண்டிப் போச்சு. அப்புறம் ஒரு மாட்டு வண்டியும் தாண்டிச்சு. ஜீப்பிலே இருந்த ரெண்டு பேர், அவசர வேலையிருக்குன்னு சொல்லி இறங்கி நடந்துட்டாங்க.

பாப்பாவுக்குக் கழுத்து நிக்கிறதுக்குள்ளே காது குத்தணும்னு ஆரம்பிச்சுட்டார். மாமியார்தான் அதட்டி, பிள்ளை உட்காரட்டும்டான்னு நிறுத்தி வெச்சாங்க. உட்கார்ந்த அடுத்த மாசம் பத்திரிகை அடிச்சார். எந்தெந்த வீட்டிலே பிரியாணி சாப்பிட்டாரோ அந்தந்த வீட்டுக்கெல்லாம் ஒண்ணு. கண்ணாயிரம் வீட்டுக்குத் தானே நேரிலே போனார்.

மொட்டை போட்டு, தாய்மாமன் மடியிலே உட்கார வெச்சுத்தான் எங்க பக்கத்துலே காது குத்துவாங்க. என் தம்பி குணசீலன்தான் தாய்மாமன். செங்கத்துலே மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுறான். கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகலை. அவனும் அவன் பெண்டாட்டி காவியாவும் மேளம் வெச்சு சீர் கொண்டுவந்தாங்க. தட்டுத் தட்டா பழம், பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை, ஒரு கெடா, ரெண்டு தங்கக் கம்மல். மைக்கிலே தாய்மாமன் சீர் தாய்மாமன் சீர்னு கத்தினாங்க. பிறந்த வீட்டைப் பத்தி மைக்கிலே சொல்றதைக் கேட்டா எந்தப் பொண்ணுக்கும் நெஞ்சு நிமிரும். எனக்கும் நிமிர்ந்துச்சு. காவியா கழுத்துலே வெறும் மஞ்சக் கயிறு இருந்ததைப் பார்த்துட்டு, செயின் எங்கேன்னு கேட்டேன். வெயிலுக்கு அரிக்குது அண்ணி, கழட்டி வெச்சிருக்கேன்னா. அவ சொன்னதை நம்பிட்டேன்.

மொய் கொட்டுச்சு. கண்ணாயிரம் நாலு பிள்ளைக்கும் சேர்த்து வெச்சிட்டு, அப்பாடான்னு பெருமூச்சு விட்டாராம். அடுத்த வாரமே ஜீப் கடன் முடிஞ்சுது. ஆர்.சி. புக்கை வாங்கிக்கொண்டு வந்து பாப்பா மடியிலே வெச்சார். பாப்பா அதை எடுத்துக் கடிச்சுப் பார்த்துச்சு. கடன் முடிஞ்சதும் டைக்காரர் போன்லே திரும்பி வந்துட்டார். பார்த்தியா அமுதா, அவர் சொன்ன மாதிரியே முடிச்சுட்டோம்னார். வரிசை கொஞ்சம் மாறிப்போச்சுன்னு நான் சொல்லலை. சந்தோஷமா இருக்கிறவரை எதுக்குக் கிள்ளணும்?

காதுகுத்தும் கடன் முடிஞ்சதும் போன மாசத்துக் கதை. நேத்து குணசீலனும் காவியாவும் வருஷத்துக்குப் புளி வாங்கிப்போக மலைக்கு வந்தாங்க. ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஜீப்புக்கு அடியிலே படுத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாங்க. காவியா என்கூட உட்கார்ந்து புளி உடைச்சா. எதிர்வீட்டுக்காரம்மா முருங்கைக்கீரை குடுக்க வந்தவங்க, புதுப் பொண்ணைப் பார்த்துட்டு சும்மா போவாங்களா? விசேஷம் எதுனா உண்டான்னு கேட்டாங்க.

"ஆண்டவன் குடுக்கணும்க்கா"ன்னா காவியா.

என் கை நின்னுடுச்சு. அந்த வார்த்தை யாரோடதுன்னு எனக்குத் தெரியும். அந்தம்மா போற வரைக்கும் பொறுத்து, என்ன காவியான்னு கேட்டேன். அவ கொட்டையைத் தனியா, புளியைத் தனியா போட்டுக்கொண்டே தலை நிமிராம சொன்னா. சீர் செய்ய அவ செயினைத்தான் அடகு வெச்சிருக்கான் குணசீலன். அதை மீட்கிற வரைக்கும் கொழந்தை வேணாம்னு சொல்லிட்டானாம்.

"உங்க வூட்டு அண்ணன்தான் போன்ல ஒருத்தர அனுப்பி வெச்சாராம் அண்ணி. டை கட்டிகினு பேசறாரு. உங்க தம்பி தினமும் அத்தப் பாக்கறாரு."

"எங்கம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்லக் கூடாதுன்ட்டாரு. உங்கம்மா செவ்வாக்கெழமயானா எதையோ அரைச்சுக் குடுக்கறாங்க." இன்னொரு கொட்டையை எடுத்துப் போட்டா. "ரொம்ப கசப்பா கீது அண்ணி."

எங்கம்மாவுக்கு யார் அந்தப் பக்குவம் சொல்லியிருப்பாங்க? எங்க மாமியார்தான். சம்பந்தி கேட்டாங்கன்னு பட்டையே இங்கேருந்துதான் போயிருக்கு.

எங்க கடன் முடியலை. மலை இறங்கி செங்கத்துக்குப் போயிருக்கு, அவ்வளவுதான். என் பாப்பா காதுலே தொங்கின தங்கம் அவ கழுத்துலேருந்து போனது. நான் கிளறின சாம்பாரை இனிமே அவ கிளறணும்.

நான் எழுந்து போய் மாமியாரைக் கூப்பிட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். முதல் தலையாட்டலிலேருந்து பலாப்பழம் வரைக்கும். இவ்வளவு வார்த்தை நான் அவங்க கிட்டே சேர்த்துப் பேசினதே இல்லை. அவங்க கையிலே ஒரு உருண்டைப் புளியோட அப்படியே நின்னு கேட்டாங்க.

"அப்ப அந்தக் கசாயத்த எல்லாம் நீ எதுக்குடி குடிச்ச?"

"நீங்க குடுத்தீங்க அத்தே. குடிச்சேன்."

வெத்தலையை விட்டதைச் சொல்வாங்கன்னு பார்த்தேன், சொல்லலை. "அத்த அவன் வாயில ஊத்தியிருக்கணும்"னு மட்டும் சொல்லிட்டு, கண்ணைத் துடைச்சாங்க. புளிக் கையோட துடைச்சுட்டாங்க. எரிச்சல் தாங்காம ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடினாங்க. காவியா ஓடிப் போய் தண்ணி கொண்டுவந்தா. சிரிப்பை அடக்க முடியாம நானும் அவளும் ஒருத்தர் தோள்லே ஒருத்தர் சாய்ஞ்சோம். சாய்ஞ்சதுக்கு அப்புறம் அது சிரிப்பா இல்லை.

கண்ணைக் கழுவிட்டு வந்தவங்க பாப்பாவை மடியிலே போட்டு, ரெண்டு கம்மலையும் திருகிக் கழட்டினாங்க. திருப்பிக் குடுக்கத்தான்னு புரிஞ்சுது. தாய்மாமன் சீரைத் திருப்பிக் குடுத்தா உறவே வேணாம்னு சொன்ன மாதிரி. குணசீலன் அதுக்கப்புறம் இந்த வாசல்படி மிதிப்பானான்னு கேட்டேன்.

"குணசீலங்கிட்ட யாரு குடுக்கறா? நீ காவியாவுக்குக் குடு. இது சீரு இல்ல, மொய்யி. அவ கொழந்தைக்கு நாளைக்கு நீ வெக்கவேண்டிய மொய்ய இன்னிக்கே வெக்கிற."

"பொறக்காத கொழந்தைக்கு எப்படி அத்தே மொய் வெக்கிறது?"

"வாங்கின மொய்க்கு விசேசம் பண்ணித்தான் ஆவணும். பண்ணாம வெச்சுக்க உன் தம்பிக்கு மூஞ்சி கீதா?"

வெச்ச மொய் திரும்பணும்னா விசேஷம் வேணும்னு நான் கண்டுபிடிச்சேன். வாங்கின மொய்க்கும் விசேஷம் வேணும்னு அவங்க கண்டுபிடிச்சாங்க. இந்த வீட்டிலே கணக்குப் போடுற ஆள் ஒருத்தர்தான்னு அவர் இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கார்.

கம்மலை வித்தாலும் செயின்லே பாதிதான் மீளும். மீதிக்கு மாமியார் கோயிலுக்கு நேர்ந்த ஆட்டுக் காசை எடுத்தாங்க. சாமி நம்மைவிடப் பொறுமைன்னாங்க. அப்பவும் கொஞ்சம் குறையும். அதுக்கு குணசீலன் ரெண்டு லோடு கூட அடிக்கட்டும். எல்லாத்தையும் காவியாவோட முந்தானையிலே முடிஞ்சு, இடுப்பிலே சொருகி விட்டாங்க. நான் அவ கையைப் பிடிச்சு, குணா எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிடாதே, வாயைத் திறன்னு சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ளே அவ தலையாட்டிட்டா.

காலையிலே எங்க வீட்டுக்காரர்தான் அவங்களை ஜீப்பிலே கீழே கொண்டுபோய் விட்டார். காவியாவை முன் சீட்டிலே உட்கார வெச்சாராம். சீட்டுக்குக் காசு வாங்கலையாம். திருப்பத்தூர் வரைக்கும், கடன் இல்லாத குடும்பம்னா எப்படி இருக்கும்னு அவங்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே ஓட்டினாராம். வந்து பெருமையா சொன்னார். சொல்லிட்டு முகம் கழுவப் போனார்.

இப்ப வாசல்லே பாப்பாவைத் தூக்கி வெச்சுக்கொண்டு கொஞ்சுறார். இங்கே கேட்குது. கொஞ்சுறது திடீர்னு நின்னுடுச்சு.

"யம்மா, பாப்பா காதுல இன்னா குச்சி?"

"வேப்பங்குச்சி. ஓட்டை தூந்து போவாம இருக்க வெச்சேன்."

"கம்மல் எங்க?"

"எங்கயும் காணாம போவல. காலைல உன் ஜீப்லதான் போச்சு. நீதான் பத்திரமா ஓட்டிகினு போன."

பாப்பா மட்டும் அவளுக்குத் தெரிஞ்ச பாஷையிலே ஏதோ எடுத்துச் சொல்றா.

"அமுதா, இங்க கொஞ்சம் வா"ன்னு கூப்பிடுறார். கோவமாக் கூப்பிடலை. அன்னிக்கு மலை வளைவிலே நின்னு கேட்டாரே, அந்தக் குரல். எனக்குப் பதிலா மாமியார் ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறாங்க. வேணாம், இதை நானே சொல்லிக்கறேன். புளி கிடக்கட்டும். கையைத் துடைச்சிட்டுப் போய், அவர் எதிரிலே நின்னு, அவர் கேட்கிறதுக்கு முன்னாடியே நான் வாயைத் திறக்கப்போறேன்.